சலவை அறைக்கு ஒரு செயலி

பன்னிரண்டு ஆண்டுகளாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள் இங்கேலா. அதில் கடைசி ஏழு ஆண்டுகளில் மூன்று ஊர்கள். இப்போது சுண்ட்ஸ்வால். ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகே கதவை மூடுவாள். எல்லாம் கென்னெத்துக்குப் பயந்து. அவன் அவளுடைய பழைய கணவன். அவள் இடது கையில் இரண்டு விரல்கள் இன்றும் சரியாக மடங்காது; அவன் உடைத்தவை.

சுவீடனில் இணையத்தில் யாருடைய பெயரைத் தட்டினாலும் விலாசம், பிறந்தநாள், சம்பளம் எல்லாம் வந்து நிற்கும். இங்கேலாவின் பெயரைத் தட்டினால் எதுவும் வராது. வரி அலுவலகம் அவள் விலாசத்தை மறைத்து வைத்திருக்கிறது. கடிதங்களும் அந்த அலுவலகம் வழியாகச் சுற்றித்தான் வரும். வீட்டுக் கதவில் முன்பு குடியிருந்தவரின் பெயரை அவள் மாற்றவே இல்லை. எந்த ஊர் என்பதை மால்மோவில் இருக்கும் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மா நல்லவள். ஆனால் பழைய மருமகன் வந்து அலமாரி மாட்டிக் கொடுத்தால் காபி போட்டுக் கொடுப்பவள்.

மார்ச் மாதச் சனிக்கிழமை மதியம் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. ஏலக்காய் ரொட்டி தீர்ந்த கையோடு தலைவர் ரூனே திரையில் ஒரு புதுச் செயலியைக் காட்டினார். ஓய்வுபெற்ற பொறியாளர், எதையும் சும்மா விட மாட்டார்.

"இனி பொதுச் சலவை அறையில துணி துவைக்க நேரம் பிடிக்க யாரும் அடித்தளத்துக்கு இறங்க வேணாம். சோபாவுல சாஞ்சுக்கிட்டே பிடிக்கலாம். ஆப் முழுக்க இலவசம்! உங்களுக்குச் சிரமம் வேணாம்னு நேத்தே எல்லாரையும் நானே சேர்த்துட்டேன்."

கைதட்டல். அடித்தளத்துப் பலகையில், அவரவர் பிடித்த நேரத்துக்கு நேராக, வீட்டு எண் பொறித்த சின்னப் பூட்டுகள்தான் இத்தனை நாளும் தொங்கின. யார், எவர் என்று அந்தப் பூட்டு கேட்டதில்லை. திரையில் இப்போது வரிசையாகப் பெயர்கள். பதினான்காம் எண்ணுக்கு எதிரே அவள் முழுப்பெயரும் கைபேசி எண்ணும். மேலே, குடியிருப்பின் தெருவும் ஊரும்.

இங்கேலா எழுந்தாள். "ரூனே, என் பேரை எடுத்துடுங்க. இப்பவே."

"அட, என்ன பயம்? நம்ம விலாசம் எல்லாம் ஏற்கெனவே இணையத்துல கெடக்குதே."

"மறைக்க என்ன இருக்கு, அழுக்குப் போர்வையா?" என்றான் மூன்றாம் மாடி யெர்க்கர். சிரிப்பு பரவியது.

மறைக்க ஒன்றுமில்லாதவர்கள் எவ்வளவு பாக்கியசாலிகள்! தங்கள் பாக்கியத்தையே ஊருக்கெல்லாம் சட்டமாக்கிவிடுகிறார்கள். சோபாவின் சுகம் அவர்களுக்கு. அதற்கான விலை பதினான்காம் வீட்டுக்கு. ஏன் என்று சொன்னால் முப்பது பேருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் பெயர் அங்கேயே நிற்கும்.

"ஒருத்தன் என்னைத் தேடிக்கிட்டிருக்கான். கண்டுபிடிச்சா கொன்னுடுவான்."

ரூனேயின் முகம் வெளுத்தது. "குடியிருப்போர் பட்டியல்ல உன் பேருக்குக் கீழ சிவப்புக் கோடு இருந்துச்சு. நான்… பாதாம் பருப்பு ஒத்துக்காதுபோலன்னு நெனச்சேன். ரொட்டிக்காகப் போட்ட குறிப்புன்னு…"

அவள் பெயரை நீக்கச் சொல்லி அழுத்தினார். 'உங்கள் கோரிக்கை முப்பது நாட்களில் நிறைவேற்றப்படும்' என்றது திரை. சேர்க்க ஒரு நொடி. நீக்க ஒரு மாதம். அந்த முப்பது நாளும் யாருடைய வசதிக்கு?

அப்போது இங்கேலாவின் கைபேசி அடித்தது. அம்மா.

"அடியே, சுண்ட்ஸ்வாலிலயா இருக்கே? எங்க கட்டடத்துலயும் அதே சலவை ஆப்தான். 'உங்களுக்குத் தெரிஞ்சவங்க'ன்னு உன் பேரு, ஊரு, தெரு எல்லாம் காட்டுது! எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"அம்மா, அதை வேற யாரு பார்த்தா?"

மறுமுனையில் அம்மா நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அம்மா!"

"நேத்து கென்னெத்து வந்திருந்தான்டி. அந்த ஆப்பை என் போன்ல போட்டுக் குடுத்ததே அவன்தான்."

மால்மோவிலிருந்து காரில் வர ஒரு பகல் போதும். நேற்றே அவன் கிளம்பியிருந்தால்?

அவள் படியேறி ஓடினாள். காவல்துறை எண்ணில் பேசிய பெண் கணமும் தயங்கவில்லை: "உடனே வெளிய வந்துடுங்க. உங்க காரை அங்கேயே விட்டுடுங்க, அவனுக்கு அது தெரிஞ்சிருக்கலாம்." நான்காம் ஊர். மருந்து, சீருடை, இரண்டு ஸ்வெட்டர் பைக்குள் போயின. கதவு தட்டப்பட்டது. கதவின் துவாரத்தில் கண் வைத்தாள். ரூனே, கார்ச் சாவியோடு.

கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"எங்க போறேன்னு சொல்ல வேணாம், இங்கேலா. திருப்பம் வந்தா இடமா வலமான்னு மட்டும் சொல்லு. நான் ஓட்டுறேன்."

அவர் இன்னொரு கையில் கைபேசி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"முதல்ல அதை வீட்டுல வெச்சுட்டு வாங்க."

ரூனே அதை ஒருமுறை பார்த்தார். பிறகு, அறுபத்தெட்டு வயதில், இரண்டிரண்டு படியாகக் கீழே ஓடினார்.