அக்காவின் பாட்டும் என் மெனுவும்

மெனு என்ற வார்த்தையைப் பிரியாணிக் கடையில் கேட்டால்கூட எனக்கு முகம் சுருங்கிவிடும். என் பெண்டாட்டி பிள்ளைகள் இதைச் சொல்லிப் பல வருடமாகக் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். நான் வீட்டில் உட்கார்ந்து டிவிடி தயாரித்தவன், அதிலும் மெனு வைத்த டிவிடி. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் அப்போது அந்த வேலை தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அப்படி எண்ணியவனும் நான்தான், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் நான்தான்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. ஷூவின் மேல்தோலை எந்த வடிவில் வெட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டேன், டிவிடி எழுதும் வசதியோடு. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எல்லாரும் விசிடி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. விசிடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால் அது பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். மெனு வைத்த டிவிடி அப்படி ஓடாது. முதலில் ஒரு படம் வந்து நிற்கும், பின்னால் இசை கேட்கும், வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும். ரிமோட்டை எடுத்து வேண்டியதற்குப் போய் அழுத்தினால்தான் உள்ளே விடும். அந்த முதல் படத்துக்குத்தான் மெனு என்று பெயர். அதைச் செய்யக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பா இறந்தபோது பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவள் கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் கடைசியில் பேச்சே நின்றுவிட்டது. நான் டிப்ளமோ படித்தது அவள் தைத்ததால்தான். இதை எல்லாரிடமும் சொல்வேன், சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும். சொல்வதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

அவளுக்குக் குரல் இருந்தது. எங்கள் சபைப் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்றுதான் பாடுவாள், ஆனாலும் கேட்கிறவர்கள் அவள் இருக்கும் பக்கம்தான் பார்ப்பார்கள். தனிப்பாட்டு மட்டும் அவளுக்கு வராது. அது கமிட்டிக்காரர்கள் வீட்டுப் பெண்களுக்கு. அதைப் பற்றி அவள் முணுமுணுத்ததுகூட இல்லை. அவள் ஆசை வேறு. மிஷின் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு வருடத்துக்கு மேலாக, ஒரு பாட்டைக் கட்டியிருந்தாள். வார்த்தையும் அவளுடையது, மெட்டும் அவளுடையது.

ஊசி முனையில் உட்கார்ந்தவரே
என் நூல் அறுந்தால் முடிபோடுவீரே

என்று தொடங்கும். அதை நாலு பேர் முழுசாகக் கேட்க வேண்டும், சபையில் ஒரே ஒரு முறை பாடவேண்டும் என்று கேட்டாள். அவள் வாழ்க்கையில் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். போதகர் கமிட்டியில் வைத்தார். கமிட்டியில் ஒருவர் சிரித்தேவிட்டார்.

"ஆண்டவரு ஊசி மேல உக்காருவாரா? இன்னாம்மா இது?"

பாட்டுப் புத்தகத்தில் இல்லாததை ஆராதனையில் பாட முடியாது என்று முடிவாயிற்று. அக்கா வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்க இன்னாக்கா சொல்றது? நான் டிவிடி போடறேன் பாரு. ஒவ்வொரு வீட்லயும் உன் பாட்டு கேக்கும்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

ஆறு பாட்டு என்று முடிவு செய்தோம். அதில் ஐந்து, எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டுகள். அவளுடையதை ஐந்தாவதாக வைத்தோம், முன்னால் வைத்தால் கமிட்டிக்காரர்கள் கண்ணை உறுத்தும் என்று. பேரணாம்பட்டிலிருந்து ஒரு கீபோர்டுக்காரர் வந்து, எங்கள் வீட்டு உள்ளறையில் சுவரெல்லாம் பாயைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தார். ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுக்க வேண்டியிருந்தது. அப்படியும் இரண்டு அரை நாளில் ஆறும் முடிந்தது. அக்கா ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பிறகு பாலாற்று மணலில் அவளை நிற்க வைத்துப் படம் பிடித்தேன். தோல் கழிவு நுரை கட்டி நின்ற பக்கத்தை விலக்கி, வானமும் அவளும் மட்டும் தெரிகிற மாதிரி. தன்னிடமிருந்த மூன்று பட்டுப்புடவைகளையும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

பாட்டுக்கு இரண்டு அரை நாள். மெனுவுக்கு நான் எடுத்துக்கொண்டது மூன்று வாரம். பாலாற்றில் சூரியன் மறையும், மேலே ஒரு புறா பறக்கும், சிலுவை மெல்ல ஒளிரும், எந்தப் பொத்தானுக்குப் போனாலும் அதன் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். புறாவின் சிறகு சரியாக அடிக்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் அந்தச் சிறகோடு மல்லுக்கட்டினேன். பின்னணிக்கு அக்காவின் சொந்தப் பாட்டிலிருந்து முதல் இரண்டு வரியை வெட்டிப் போட்டேன். யாராவது பொத்தானை அழுத்தும் வரைக்கும் அதுவே திரும்பத் திரும்ப ஓடும்.

"பாத்தியா, உன் பாட்டத்தான் நெத்தியில வெச்சிருக்கேன்" என்று அவளை உட்கார வைத்துக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா போட்ட உடனே பாடிட்டா ஆவாதா? ஜனங்க பொத்தான தேடிக்கினு இருப்பாங்களா?"

"அதுக்கு விசிடியே போதுமே. இது டிவிடிக்கா."

"எனக்கு இன்னா தெரியும். பாட்டு கேட்டா சரி."

அவள் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் டிவிடி பிளேயரோ ரிமோட்டோ கிடையாது. நான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் மவுஸை வைத்துக்கொண்டு பார்த்துப் பழகியவன்.

டிஸ்க்கைச் சபையில் வெளியிட்டால்தான் எல்லா வீட்டுக்கும் போகும். ஆராதனை முடிந்ததும் ஜிகினாத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிய டிஸ்க்கைப் போதகர் கையில் கொடுக்க வேண்டும். அவர் ஜெபித்து, தாளைப் பிரித்து, உயர்த்திக் காட்டுவார். எங்கள் பக்கத்தில் பாட்டு போடுகிற எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். போதகர் சம்மதித்தார். ஆனால் முதல் திரையில் அவர் படமும் கமிட்டிக்காரர்கள் எட்டுப் பேர் படமும் வர வேண்டும் என்றார். ஊசியைப் பற்றிச் சிரித்தவர் கோட்டு போட்டு ஸ்டூடியோவில் எடுத்த படத்தைக் கொடுத்தனுப்பினார். முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லாதது மட்டுமில்லை, எனக்கு உள்ளூர சந்தோஷம் வேறு. இன்னும் ஒரு பக்கம் மெனு செய்யலாமே!

வெளியீட்டுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கட்டியதையெல்லாம் பிரித்து மறுபடி அடுக்கினேன். முதல் திரையில் ஒன்பது பேரும் பூ வளையங்களுக்குள் நின்றார்கள், பின்னால் அக்காவின் இரண்டு வரி. பாட்டுப் பொத்தான்கள் இரண்டாம் திரைக்குப் போயின. அடுக்கி முடித்தபின் ஒவ்வொரு பொத்தானாக உள்ளே போய்ப் பாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் அது அரிச்சுவடி. நான் பொத்தான்களுக்கு மேல் மவுஸை ஓட்டி விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். ஆறு விளக்கும் அழகாக எரிந்தன. லீவு போட்டுவிட்டு நூற்றைம்பது டிஸ்க் எழுதினேன். கரண்ட் போய்ப் பாதியில் நின்றவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

வெளியீட்டன்று போதகர் என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் தட்டினார். வெளிநாட்டுத் தரம் என்றார். அக்காவை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். புத்தகத்தில் இருக்கிற பாட்டு.

அடுத்த ஞாயிறு நான் வாசலில் நின்று புகழைக் கேட்கத் தயாராக இருந்தேன். போதகர் ஐயா படம் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். புறா தத்ரூபமாக இருக்கிறது என்றார்கள். பாட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் தோல் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் இருந்தார், அக்காமேல் பிரியம் உள்ளவர், அவரும் ஒரு டிஸ்க் வாங்கியிருந்தார். அவர்தான் வெளிப்படையாகச் சொன்னார்.

"தம்பி, அக்கா குரல் சூப்பரா இருக்குது. ஆனா டிஸ்க்குதான் பேஜாரா இருக்குது. ரெண்டு வரி பாடுது, திரும்ப அதே ரெண்டு வரி. குடும்பத்தோட கால் மணி நேரம் உக்காந்து பாத்தோம். அவ்ளோதானா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. விசாரித்தால் பாதி வீட்டில் ரிமோட்டே இல்லை. தொலைந்துவிட்டது, உடைந்துவிட்டது, பேட்டரி தீர்ந்துவிட்டது. பிளேயரில் இருக்கும் இரண்டு பட்டனை வைத்து விசிடி போட்டுப் பழகியவர்கள். டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டு, அது தானாகப் பாடும் என்று ஒன்பது முகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு டிஸ்க் சிக்கிக்கொண்டது என்று எடுத்து வைத்துவிட்டார்கள். ரிமோட்டில் ஓகே பட்டனை அழுத்தவும் என்று துண்டுச் சீட்டு அச்சடித்து வாசலில் நின்று கொடுத்தேன். மெனுவை எடுத்துவிட்டு மறுபடி டிஸ்க் எழுத மனம் வரவில்லை. நம் ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று வீட்டில் கத்தினேன். அக்கா கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். ஒரு மாதம் போனபின், ஓவர்டைம் ஜாஸ்தியாக இருக்கிறது என்று சொல்லிப் பாடகர் குழுவிலிருந்து நின்றுவிட்டாள். அவளுக்கு ஊர்மேல் வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

என் பிழைப்பு மட்டும் கொழித்தது. கமிட்டிக்காரர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் புறா வேண்டும், விளக்கு வேண்டும் என்று வந்தார்கள். நான் கம்பெனி வேலையை விட்டேன். மெனு தம்பி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டுப் பல்லைக் காட்டிய அன்றைய என்னை இப்போது அறையலாம் போலிருக்கிறது.

ஐந்தாறு வருடம் ஓடியது. தோல் ஒட்டும் சொல்யூஷனின் நெடியிலேயே உட்கார்ந்திருந்து அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. முதலில் பாட முடியாமல் போயிற்று. பிறகு பேச்சே கரகரவென்று ஆகிவிட்டது. அப்போது எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. அவள் பாட்டை வெட்டி அவள் போனில் ஏற்றிக் கொடுத்தால் தன் பழைய குரலைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள் என்று எனக்குத் தோன்றியது. டிஸ்க்கைப் போட்டு ஐந்தாவது பொத்தானை அழுத்தினேன்.

நாலாவது பாட்டு ஓடியது.

இன்னொரு டிஸ்க் எடுத்தேன். அதிலும் அப்படித்தான். அவசரத்தில் மறுபடி அடுக்கியபோது, ஐந்தாவது இடத்திலும் நாலாவது பாட்டையே கொண்டுவந்து வைத்திருக்கிறேன். நூற்றைம்பது டிஸ்க்கிலும் அக்காவின் பாட்டு இல்லவே இல்லை. அசல் இருந்த ஹார்டு டிஸ்க்கைக் கல்யாணங்களுக்காக எப்போதோ அழித்துவிட்டேன். கேமரா டேப்பின் மேல் யாருடைய வரவேற்போ ஏறியிருந்தது. கீபோர்டுக்காரர் சவூதிக்குப் போய்விட்டார், அவருடைய கம்ப்யூட்டர் பழைய சாமான் கடைக்குப் போய் வருடக்கணக்காகிவிட்டது என்று அவர் வீட்டில் சொன்னார்கள். மிச்சம் இருப்பது முதல் திரையில் ஒன்பது முகங்களுக்குப் பின்னால் ஓடும் இரண்டு வரி மட்டும்.

இத்தனை வருடத்தில் ஒருவர்கூட வந்து என்னிடம் சொல்லவில்லை. யாரும் அந்தப் பொத்தான் வரைக்கும் போகவில்லை. ஊரைத் திட்டினேனே, நானும் போகவில்லை. மூன்றாவது வரி என்ன என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்கு அவள் கட்டியிருந்த புடவையின் நிறம் ஞாபகம் வந்தது. வெயில் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுகூட வந்தது. வரி வரவில்லை.

அக்கா அடுப்படியில் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்த டிஸ்க்ல அஞ்சாவது பாட்டு..."

"இல்ல" என்றாள். "நாலாவதே ரெண்டு வாட்டி வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கூட வேல செய்ற பொண்ணு வீட்ல அன்னிக்கே போட்டுப் பாத்தேன்."

"ஏங்கா என்கிட்ட சொல்லல?"

அவள் கை நிற்கவில்லை. நாரை உரித்து ஓரமாகப் போட்டாள்.

"நீயும் என்னிக்காவது போட்டுக் கேப்ப, கேட்டுட்டு நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றவில்லை. வார்த்தையையாவது சொல்லுக்கா, எழுதி வைத்துக்கொள்கிறேன், வேறு யாரையாவது வைத்துப் பாட வைக்கலாம் என்று கெஞ்சினேன்.

"எனக்கு ஞாபகம் இருக்குது. அது போதும்" என்று சொல்லிவிட்டு கிள்ளிய காயை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். கோபமாகச் சொல்வதில்லை, வேண்டாம் என்று மட்டும் சொல்கிறாள். பாட்டு அவளிடம் முழுசாக இருக்கிறது. எனக்குத் தெரிந்தது, டிஸ்க்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்து வைத்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த அதே இரண்டு வரிதான்.