தலைகீழாய் ஒட்டிய தாள்கள்

துணியும் காகிதமும் சேர்த்து சுவரில் மாட்ட ஒரு விரிப்பு செய்ய, செம்பூர் வீட்டில் மைதாப் பசை காய்ச்சினேன். அடிப்பிடித்த மாவின் வாசனை என்னை நான் வளர்ந்த தாராவி அறைக்கே கொண்டுபோனது.

"பொட்டப்புள்ளைக்கு என்ன படிப்பு? நூல் வெட்ட அனுப்பு" என்பார் அப்பா வேலைபார்த்த தையல் பட்டறையின் முதலாளி. குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான். எங்கள் வீட்டுக்கு வரும் நாளில் அவர் பார்க்கட்டும் என்று, என் பரீட்சைத் தாள்களைச் சேலைத் துண்டுகளுக்கு நடுவே ஒட்டித் தைத்துச் சுவரில் மாட்டினாள் அம்மா.

முதலாளி சிரித்தார். "ஏம்மா, எல்லாம் தலைகீழால்லா இருக்கு!"

நான் கல்லூரிவரை படித்துவிட்டேன். அம்மா மட்டும் அதன்பின் என் தாள்களைத் தொடவே இல்லை.

இன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் என் தாள் ஒன்றை நீட்டி, "நீ ஒட்டும்மா" என்றேன். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"நீயே ஒட்டுட்டி. எனக்கு எது மேல, எது கீழன்னு தெரியாதுல்லா."