எட்டு வினாடிப் புல்லாங்குழல்

மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் ராக் குழுவொன்றில் கீபோர்டு வாசிக்கிறார். தன் பழைய டேப் கீபோர்டை என்னிடம் பழுதுபார்க்கக் கொடுத்தார். சனிக்கிழமை ஒலிப்பதிவு; பாட்டே அதன் புல்லாங்குழலில்தான் தொடங்குகிறது. நான் அதே நகரத்தில், விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் கன்வேயர் மோட்டார்களைப் பராமரிப்பவள். மோட்டார் என்றால் எனக்குப் பயமில்லை.

அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு. கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். எப்போதோ யாரோ ஊதிப் பதிந்த புல்லாங்குழல் ஒலிக்கும். எட்டு வினாடியில் டேப் தீர்ந்துவிடும்.

குறைகளை எழுதிக்கொண்டேன். ஒன்று, சுருதி நடுங்குகிறது. இரண்டு, பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் மோட்டார் திணறி, சுருதி இறங்குகிறது. மூன்று, இரைச்சல். புது பெல்ட், வேகம் மாறாதிருக்க ஒரு சர்க்யூட், ஒரு ஃபில்டர். மூன்று மாலைகளில் மூன்றும் ஒழிந்தன. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அக்கா வந்து வாசித்துப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, லிஃப்டுக்குள்ள போடுற பாட்டு மாதிரிக் கிடக்கு."

"சுருதி சுத்தமா இருக்குக்கா!"

"ஓம், சுத்தம்தான். சவத்தைக் குளிப்பாட்டின மாதிரி."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைப் பார்த்து அவரே விளக்கினார்.

"இதைச் செய்த ஆக்கள், ஒரு ஓர்கெஸ்ட்ரா அப்பிடியே வீட்டுக்குள்ள வந்திடும் எண்டு நினைச்சவை. வரேல்ல. ராக்காரருக்குத்தான் உந்த நடுக்கம் பிடிச்சது. டேப் முடியப்போகுதெண்டா விரலை ஒவ்வொண்டா மாத்தி வைச்சினம். மோட்டார் தளர்ந்தா, தளரட்டும் எண்டு பத்து விரலாலயும் அமத்தினவை. அதைத்தான் நீர் திருத்திப்போட்டீர்."

சர்க்யூட்டையும் ஃபில்டரையும் பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டேன். ஆனால் பழைய பெல்ட் குப்பை லாரியில் போய்விட்டது, நடுக்கம் அதனுடையது. யோசித்து, மோட்டார் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் ஒட்டுநாடா ஒட்டிக் கோணலாக்கினேன். வேலையிடத்தில் இதைச் செய்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"போதுமாக்கா?"

"இன்னும் ஒண்டு ஒட்டும்."

ஒட்டினேன்.

"இப்ப ஊதுறவருக்குக் குடிவெறி. அரைவாசியை வெட்டும்."

வெட்டினேன். அவர் பத்து விரல்களையும் வைத்தார். சுருதி சரிந்து, தள்ளாடி, மெல்ல ஏறியது. எட்டு வினாடிக்குள் விரல்கள் நகர்ந்து அடுத்த கட்டைகளைப் பிடித்தன. எனக்குக் கை மயிர் சிலிர்த்தது. அக்கா பாட்டின் தொடக்கத்தை இரண்டு முறை வாசித்தார்.

"நாளைக்கு நீரும் வாரும்," என்றார், எழுந்துகொண்டே. "டூல்பாக்ஸை மட்டும் வீட்டில விட்டிட்டு வாரும்."