லெஃப்ட் விங்குக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். மூக்கு வரைக்கும் ஏறிப்போக அதற்கு எங்கே பொறுமை? நாக்கிலேயே குடியிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பின்னால் வருகிற காரியத்துக்கு நீங்கள் அவ்வளவாக ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்கு எதிரே டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய கடை! மனு, பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாது. அன்றைக்கு எங்கள் ஃபுட்பால் கிளப்புக்கு மேட்ச் இருக்கும். நான் பந்தை உதைத்தவன் இல்லை; பள்ளிக்கூடத்தில் என்னைக் கோல் போஸ்டுக்குப் பின்னால் பந்து பொறுக்கத்தான் விட்டார்கள். ஆனால் இருபது வருஷமாக ஒரு மேட்சைத் தவறவிட்டதில்லை. மச்சினன் கல்யாணத்தன்று தாலி கட்டியதும் பந்தியில்கூட உட்காராமல் மைதானத்துக்கு ஓடினேன். அதைச் சொல்லிக்காட்டாமல் என் மனைவிக்கு ஒரு தீபாவளி போனதில்லை.

என்னையும் சேர்த்து இப்படி எட்டுப் பேர். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடது ஓரத்தில் ஆடுகிற எங்கள் லெஃப்ட் விங் மைதானத்தின் எந்தப் பக்கம் ஓடுகிறானோ அந்தப் பக்கத்துப் படிக்கட்டில்தான் உட்காருவோம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது அவன் எதிர் ஓரத்துக்குப் போய்விடுவான். உடனே நாங்கள் எட்டுப் பேரும் துண்டு, தண்ணீர் பாட்டில், முறுக்குப் பொட்டலம் சகிதம் மைதானத்தைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போய் உட்காருவோம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவன் பந்தோடு கோட்டை ஒட்டி ஓடும்போது மண் தெறித்து எங்கள் சட்டையில் விழும். அதற்காகத்தான் போனோம்.

அந்த லெஃப்ட் விங் பதினேழு வயதில் எங்கள் கிளப்புக்கு வந்தான். சீவலப்பேரிப் பக்கம். அப்பா இல்லை, அம்மா பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. முதல் மேட்ச் அன்று செருப்பையும் போனையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றான். "இங்கன தாலே" என்று போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து பதினோரு வருஷம், மேட்ச் நேரத்தில் அவன் போன் என் பையில்தான் இருந்தது. பாதி ஆட்டத்தில் அவன் அம்மா கூப்பிடுவாள். "ஆடிக்கிட்டிருக்கான் யக்கா, முடிஞ்சதும் பேசச் சொல்லுதேன்" என்பேன். "சரி அண்ணாச்சி" என்று வைத்துவிடுவாள். அந்தப் பதினோரு வருஷத்தில் நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை.

நடுவில் இரண்டு அணிக்காரர்கள் அவனைக் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை. அதை நான் கோர்ட்டு வாசலில் போகிற வருகிறவனிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வேன். "நம்ம பய வே! போவ மாட்டான்." ஏதோ நான்தான் பெற்று வளர்த்த மாதிரி.

போன வருஷம் ஒருநாள் புதுச்சட்டை போட்டு எடுத்த போட்டோவோடு கடைக்கு வந்தான். பயோடேட்டா அடிக்க வேண்டுமாம். எதற்கு என்றேன். "சும்மா ஒரு வேலைக்கு அண்ணாச்சி" என்றான். நான் உற்சாகத்தில் அவன் சொன்னதோடு என் சரக்கையும் சேர்த்தேன். ஒரே அணிக்குப் பதினோரு ஆண்டு விசுவாசமாக ஆடியவர், வேறு அணிகள் அழைத்தும் மறுத்தவர் என்று இரண்டு வரி. அவன் அதைப் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துச் செய்தி வந்தது. தூத்துக்குடியில் ஒரு கம்பெனி அணி அவனை எடுத்துவிட்டது. நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ். முந்தின ஞாயிற்றுக்கிழமைகூட என்னிடம் போனைக் கொடுத்து வாங்கிக்கொண்டு "வாரேன் அண்ணாச்சி" என்று வழக்கம்போலத்தான் போனான். கேப்டனிடம் சொல்லியிருக்கிறான், எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. போனதுகூடப் பரவாயில்லை, போவதற்கான காகிதத்தை என் கையாலேயே அடிக்க வைத்துவிட்டானே! விசுவாசம் என்று வேறு எழுதிக் கொடுத்திருக்கிறேன், புத்தி கெட்ட கோட்டிக்காரன் நான்.

எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் வக்கீல் குமாஸ்தா. அவர் கடையில் வந்து உட்கார்ந்து எண்ணெய் ஊற்றினார். "நமக்கு அவன் செத்தான் வே. ஒரு அஞ்சலி போஸ்டர் ஒட்டி விட்டிருவோம்." வேறொரு நாளாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அன்றைக்கு எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எல்லாம் என்னிடம் தயாராக இருப்பதுதான். புதுச்சட்டை போட்டோவும் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே 'தோற்றம்: எங்கள் மைதானம். மறைவு: தூத்துக்குடி' என்று அடித்தேன். அதற்கும் கீழே, 'இவண்: இடது ஓரத்து ரசிகர்கள்'. குமாஸ்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கால் மணி நேரத்தில் முடிந்த வேலை. போஸ்டர் ஒட்டுகிறவரிடம் பத்துத் தாள் கொடுத்தேன். திங்கட்கிழமை விடிகிறபோது மற்ற போஸ்டர்களோடு இதையும் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று காலை எட்டரை மணி இருக்கும். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். ஆயாக்கள் உடுத்தும் நீலச் சேலை. கையில் பாதி கிழிந்த போஸ்டர், பசை இன்னும் காயவில்லை.

"போன் எடுக்கிற அண்ணாச்சி நீங்கதானா?"

குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது.

"எம் மவனை எங்கன வச்சிருக்கு?" என்றாள். "இங்கன ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியிலயா, தூத்துக்குடியிலயா? எனக்கு யாருமே சொல்லலையே அண்ணாச்சி."

பஸ்ஸில் வரும்போது சன்னலோரம் உட்கார்ந்து, பேருந்து நிறுத்தத்துச் சுவரில் மகன் படத்தைப் பார்த்திருக்கிறாள். இறங்கி ஓடி, எழுத்துக் கூட்டி, மறைவு தூத்துக்குடி என்று வாசித்திருக்கிறாள். கோர்ட்டுக்கு எதிரே என் கடை என்று மகன் சொல்லியிருந்ததை வைத்துத் தேடி வந்திருக்கிறாள். மகன் ஒரு வாரமாகத் தூத்துக்குடியில்தான் இருக்கிறான். அப்புறம் அவள் வேறு என்ன நினைப்பாள்?

"யக்கா, அவனுக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கான். நாங்க வெளையாட்டுக்குப் போட்டது."

"என்னைத் தேத்தாதீங்க. எங்கன வச்சிருக்குன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிக்கிடுதேன்."

நான் சத்தியம் செய்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள், ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை. அவன் குரலைக் கேட்டால்தான் நம்புவாள் என்று தெரிந்தது. அவள் போனிலிருந்தே கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. காலைப் பயிற்சியில் இருப்பான், போன் எங்காவது ஒரு பையில் கிடக்கும். எடுத்துப் பேச அங்கே ஆளில்லை.

அவளை உள்ளே ஸ்டூலில் உட்காரவைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் அப்படியே இருந்தோம். மனு அடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். அவள் அழவே இல்லை. போஸ்டரை மடியில் விரித்து, படத்தின் மேல் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே, "இந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது" என்றாள். பிறகு, "நீங்க எழுதிக் குடுத்த பேப்பராலதான் வேலை கெடச்சுதுன்னு சொன்னான். உங்ககிட்ட சொல்லதுக்குத்தான் அவனுக்கு வாய் வரலை. அண்ணாச்சி முகத்தைப் பாத்தா என்னால போவ முடியாதும்மான்னான்" என்றாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் ஒரே கிளப்புக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்று மார்தட்டுகிறவன் நான். என்னை எந்த அணிக்காரன் வந்து கூப்பிட்டான்? எவன் எனக்குக் குவார்ட்டர்ஸ் தருகிறேன் என்றான்? ஒருவன் வந்து கூப்பிட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அன்றைக்கு முதல்முறையாக யோசித்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பத்து மணி வாக்கில் போன் அடித்தது. நான்தான் பொத்தானை அமுக்கி அவளிடம் கொடுத்தேன். "என்னம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க?" என்று அவன் குரல் கேட்டது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்லய்யா. கை பட்டுப் போயிருக்கும். சாப்ட்டியா?" என்றாள். அவன் ஏதோ சொன்னான். "சரிய்யா, சரி" என்று வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கேட்டாளோ என்னவோ, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "அவனுக்கு ஆயுசு கெட்டி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாசலில் நின்று, "நான் இதைப் பாத்தேன்னு அவன்ட்ட சொல்லிராதீங்க. அம்மாவை விட்டுட்டு வந்துட்டோமேன்னு வேலையைப் போட்டுட்டு ஓடியாந்துருவான்" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள். நான் ஒரு வாளித் தண்ணீரோடு போய் மிச்ச ஒன்பதையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். குமாஸ்தாவிடம் இரண்டு மாதம் பேசவில்லை. அவர் மேல் என்ன தப்பு? அடித்த கை என்னுடையதுதான்.

கார்த்திகை மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பெனி அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. முதல் பாதியில் எங்கள் புது லெஃப்ட் விங் எங்கள் முன்னால் ஓடினான். எங்கள் பழைய பயல் இப்போது எதிரணியின் லெஃப்ட் விங் என்பதால் தூரத்து ஓரத்தில் இருந்தான். எனக்கு அது வசதியாகப் போயிற்று. இடைவேளையில் நாங்கள் அந்தப் பக்கம் போவோம், அவன் இந்தப் பக்கம் வருவான், முகத்தைப் பார்க்கவே வேண்டியிருக்காது.

இடைவேளை விசில் ஊதியதும் ஏழு பேர் எழுந்தார்கள். நான் எழவில்லை.

"என்ன வே, வரலையா?" என்றார் குமாஸ்தா.

"கால் மரத்துப் போச்சு. நீங்க போங்க."

கால் ஒன்றும் மரத்துப்போகவில்லை. குமாஸ்தா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அவன் எங்கள் ஓரத்துக்கு நடந்து வந்தான். மஞ்சள் பனியன். படிக்கட்டில் நான் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "நல்லா இருக்கியளா அண்ணாச்சி? போஸ்டரு வாட்ஸப்புல வந்துது. எங்க டீம் பயலுவ பூரா பாத்துச் சிரிச்சானுவ."

"தப்புதான்லே."

"அட, விடுங்க. சொல்லாமப் போனது எந் தப்பு. நல்லவேளை, எங்கம்மா கண்ணுல படலை. பட்டிருந்தா அன்னைக்கே உசுரை விட்டிருப்பா."

எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. நாலு வார்த்தை திட்டுவான், எனக்கு நெஞ்சுபாரம் குறையும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் நாக்கு இதுவரை எதையும் அடக்கியதில்லை.

"ஆமாலே, நல்லவேளை" என்றேன்.

அவன் கையில் கொண்டுவந்திருந்த போனை நீட்டினான். "அங்கன பையில போட்டா எடுக்க ஆளில்ல. வச்சுக்கிடுங்க."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் பந்து அவன் காலுக்கு வந்தது. தடுக்க வந்த எங்கள் ரைட் பேக்கை ஏமாற்றிவிட்டுக் கோட்டை ஒட்டிப் பறந்தான். ஈரமண் தெறித்து என் சட்டையில் விழுந்தது. அவன் தூக்கிப் போட்ட பந்தை மஞ்சள் பனியன் ஒருவன் தலையால் முட்டி உள்ளே தள்ளிவிட்டான். எதிர்ப்பக்கம் ஏழு பேரும் தலையில் கை வைத்தார்கள். நான் கை தட்டவுமில்லை, தலையில் அடித்துக்கொள்ளவுமில்லை. நெஞ்சுப் பக்கம் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். அம்மா என்று இருந்தது. எடுக்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அன்றைய ஒரு மணி நேரம் நினைவுக்கு வந்ததும் பதறி எடுத்தேன்.

"ஆடிக்கிட்டிருக்கான் யக்கா" என்றேன். "முடிஞ்சதும் பேசச் சொல்லுதேன்."



"போன் உங்ககிட்டயா இருக்கு?" என்றாள்.

"ஆமா யக்கா."

"அப்பம் சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டாள்.