தேன் மணக்கும் கரடி

பினாங்குத் துறைமுகத்தில் வெயில் இன்னும் ஏறவில்லை. கடலும் வானமும் ஒரே பால்நிறத்தில் கலந்து கிடக்கின்றன. கப்பலிலிருந்து இறங்கிக் கணவருக்காகக் காத்திருக்கிறேன். கப்பல் ஊதும்போதெல்லாம் இடுப்பிலிருக்கும் மகள் விதிர்விதிர்த்து அழுகிறாள். பயம் தெளியக் கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டச் சொன்னார் மாமியார். படித்த மிடுக்கில் வேண்டாமென்றேன். தவறு செய்துவிட்டேனோ என்று வழியெல்லாம் நினைத்தேன்.

இப்போது எதிரே கைவண்டியில் ஒரு கரடி கிடக்கிறது. கன்னங்கரிய உடம்பு, நெஞ்சில் மஞ்சள் பிறை. செத்த பிறகும் தேன் மணக்கிறது.

அதைச் சுட்டவர் வண்டியருகே நிற்கிறார், சுங்கை பாக்காப் என்ற ஊர்த் தோட்டக்காரர். சீன மருந்துக்கடைக்குக் கொண்டுபோகிறாராம்.

"இதான் எனக்கு முதக் கரடி, தங்கச்சி. பலாப்பழத்துல தேனத் தடவி வச்சிட்டு, பதினேழு சாயங்காலம் மரத்து மேல குந்தியிருந்தேன். கொசு பாதி ஆளத் தின்னுடுச்சு லா."

"அதுவரைக்கும் ஒண்ணுமே வரலியா, அண்ணே?"

"ஒண்ணு வந்துச்சு, குட்டியோட. சுட மனசு வரல. ரெண்டும் தின்னுட்டுப் போச்சு, நான் வேற பழம் வச்சேன். நேத்து இந்த ஆம்பளக் கரடி தனியா வந்துச்சு."

கூச்சத்தோடு வண்டியை நெருங்கி முடி கேட்கிறேன். அவர் கத்தியால் ஒரு கொத்து அறுக்கிறார். அந்நேரம் கப்பல் நீளமாக ஊதுகிறது. நான் நடுங்கி மகளை இறுக்கிக்கொள்கிறேன். அவளோ கரடியின் மயிரை இரு கைகளாலும் பற்றியபடி ஏதோ மழலை பேசிக்கொண்டிருக்கிறாள்.

"புள்ளைக்கா கேட்ட?" என்று சிரிக்கிறார்.

முடியை வாங்கி, என் முந்தானையில் முடிந்துகொள்கிறேன்.