லில்லியின் வாலுக்கு ஐம்பது கிராம்

அன்றைக்கு வேலம்பாளையத்துக் கொட்டகையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிரைக்காரர் தேவசகாயம். அவருடைய குதிரை லில்லி. என் மனைவி சரசு. அப்புறம் நான். அவ்வளவுதான். எங்கள் சாயப்பட்டறை மாஸ்டர் அங்கே இல்லை. அவர் இல்லை என்பதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு இருந்த தைரியம்.

இந்த ஞாபகம் வந்ததற்குக் காரணம் ஒரு வேட்டி. போன வாரம் அவிநாசியில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டப வாசலில் ஊதா நிறத்தில் டியூப் லைட்டுகளைக் கட்டிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் வெள்ளையும் சொள்ளையுமாக வந்திருந்த அத்தனை பேரும் பளீரென்று எரிய ஆரம்பித்துவிட்டார்கள். என் மகள், "அப்பா, உங்க வேட்டி லைட் அடிக்குது" என்றாள். நான் குனிந்து வேட்டியைப் பார்க்கவில்லை. சட்டென்று இரண்டு உள்ளங்கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டேன். சரசு அதைப் பார்த்துவிட்டாள். "பத்துப் பதினஞ்சு வருசமாச்சு, இன்னுமாங்க பயம்?" என்று சொல்லி, கையில் வைத்திருந்த பாயசம் சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

எனக்குப் பயம் என்பது காய்ச்சல் மாதிரி வந்து போகிற சமாச்சாரம் இல்லை. கூடவே குடியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்குப் போகும்போது, பேனா கசிந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேனா எடுத்துக்கொண்டேன். இரண்டும் கசிந்தால்? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பாதி வழியில் திரும்பி வந்தவன், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. சாயப்பட்டறைக்குப் போய்விட்டேன். அங்கே எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. இத்தனை கிலோ துணிக்கு இத்தனை கிராம் பொடி, இத்தனை லிட்டர் தண்ணீர், இத்தனை நிமிடம். பயந்தவனுக்கு அதைவிட நிம்மதியான இடம் கிடையாது. தராசு சொன்னதைச் செய்தால் போதும்.

தேவசகாயம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, இரண்டு ஓவர்லாக் மிஷின் போட்டுப் பனியன் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மிஷின் இரண்டையும் விற்றுவிட்டுக் குதிரையோடு வந்து நின்றார். "மிஷினு நூலு கேக்கும், கரண்டு கேக்கும். இது புல்லுதான கேக்கும்ணே" என்றார். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடுவது திட்டம். பாதிப் பணம்தான் கொடுத்திருந்தார். மீதியை ஒரு குறிப்பிட்ட திங்கட்கிழமைக்குள் தராவிட்டால், விற்ற பொள்ளாச்சிக்காரர் வண்டி கொண்டுவந்து லில்லியை ஏற்றிப் போய்விடுவார். கொடுத்த பாதியும் திரும்பாது.

அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் வந்தது. எங்கள் பட்டறைக்குத் துணி அனுப்பும் வடநாட்டு சேட் ஒருவர், திருப்பூரிலேயே இரண்டு தலைமுறையாக இருப்பவர், அவர் மகனுக்கு. மாப்பிள்ளை வெள்ளைக் குதிரையில்தான் வர வேண்டும் என்பது அவர்கள் முறை. சிபாரிசு செய்தது நான்தான். குதிரையைச் சரியாகப் பார்க்காமலே, "பாலாட்டம் இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டேன். நான் தைரியமாகச் சொன்ன ஒரே வார்த்தை அது. அதுவும் தப்பாகப் போயிற்று.

வியாழக்கிழமை சேட்டின் மேனேஜர் வந்து லில்லியைச் சுற்றி வந்தார். முன்பக்கம் பார்த்துத் தலையாட்டினார். பின்பக்கம் போனதும் நின்றுவிட்டார். உடம்பு வெள்ளைதான். பிடரி மயிர் கொஞ்சம் பழுப்பு. வால் மட்டும், டீக்கடை வடிகட்டித் துணியைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. தன் லத்தியிலும் மூத்திரத்திலுமே படுத்து எழுகிற ஜீவன், வேறு எப்படி இருக்கும்?

"ஏனுங்க, இது யாரோட வாலுங்க?" என்றார் மேனேஜர்.

"இதோடதுதான் சார்."

"சேட்டம்மா பாத்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வெளுத்தா சரி. இல்லாட்டி நான் கோயமுத்தூருக்குப் போன் போட்டுக்கறேன்."

அவர் போனதும் தேவசகாயம் வாலைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எண்ணே, இது வெளுக்கலன்னா குதிரையும் போச்சு, மிஷினும் போச்சு. எங்கூரு பஸ்ஸுல ஏறிட வேண்டியதுதான். பாலுன்னு சொன்னது நீங்கதான, ஒரு வழி சொல்லுங்க."

சனிக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் கொட்டகையில் வேலைக்கு இறங்கினோம். முதலில் ஷாம்பு. சரசு ஒவ்வொரு பாக்கெட்டாகக் கிழித்து ஊற்றினாள். ஆறாவது பாக்கெட்டில் அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்ற தலைக்கு மாசத்துக்கே நாலுதான் வாங்கித் தர்றீங்க. இவளுக்கு ஒரே நாள்ல ஆறா?" லில்லி காதை மட்டும் அசைத்தது. பிடரி மயிர் ஷாம்பிலேயே வெளுத்து, சீவிவிட்டதும் பஞ்சு போல ஆகிவிட்டது. வால் அசையவில்லை. அதாவது நிறம் அசையவில்லை. வால் நன்றாகவே அசைந்து என் முகத்தில் இரண்டு முறை அடித்தது.

அடுத்து எலுமிச்சம்பழம். அப்புறம் சொட்டு நீலம். நீலத்தைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னேன். தேவசகாயம் அவசரத்தில் மூடியையே கழற்றி பாதி டப்பாவை வாளியில் கொட்டிவிட்டார். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வால் வந்தது. அதை அலசி அலசிப் பழைய டீ நிறத்துக்கே கொண்டுவர மத்தியானம் ஆகிவிட்டது.

"ஏனுங்க, உங்க பட்டறையில எத்தனை டன்னு துணி வெளுக்கறீங்க. ஒரு வாலு வெளுக்கத் தெரியாதா?" என்றாள் சரசு.

தெரியும். ஆனால் நாங்கள் துணியைக் காரத்திலும் பெராக்சைடிலும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க வெளுப்போம். குதிரையைக் கொதிக்கவைக்க முடியாதே. இன்னொரு வழி இருந்தது. வெளுத்த துணிக்கும் பளபளப்புப் போதாமல் கடைசியில் ஒரு வெள்ளைப் பொடி போடுவோம். மஞ்சளை அமுக்கி, பார்க்கிறவன் கண் கூசுகிற வெள்ளையாகக் காட்டும். அன்று காலை பட்டறையில் எட்டிப் பார்த்துவிட்டு வரும்போது, இருக்கட்டும் என்று ஸ்டோரில் யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டலம் மடித்துக்கொண்டு வந்திருந்தேன். ஐம்பது கிராம். வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே திருட்டுப் பொருள். பேன்ட் பையில் அது எலிக்குட்டி மாதிரி நெளிந்துகொண்டே இருந்தது.

எடுத்தும் உடனே போடத் துணியவில்லை. குதிரைக்குத் தோல் வெந்துவிட்டால்? முதலில் என் இரண்டு கைகளையும் கரைசலில் முக்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அரிக்கவில்லை, எரியவில்லை. தேவசகாயம் எதிரே உட்கார்ந்து, "இப்ப எப்படி இருக்கு? இப்ப?" என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை கேட்டார். கண்ணுக்குப் பக்கத்தில் போய்விடும் என்று பிடரிக்குப் போட வேண்டாம் என்றேன். வாலுக்கு மட்டும்.

அடுத்த சிக்கல் எடை. துணி எடைக்குத்தானே பொடி? வால் எத்தனை கிலோ?

"நாலு கிலோ இருக்கும்ணே" என்றார் தேவசகாயம்.

"நாலு கிலோங்கறது ஒரு ஆட்டுக்குட்டிங்க" என்றாள் சரசு.

பழைய பேப்பர் கடையிலிருந்து கொக்கித் தராசு வாங்கி வந்து வாலை அதில் முடிந்தோம். முள் மேலும் கீழும் ஓடியது. லில்லி கோபமாக இருக்கும்போது ஏழு கிலோ, சாந்தமாக இருக்கும்போது ஒன்று என்று காட்டியது. கடைசியில் நான்கு என்று வைத்துக்கொண்டேன். தராசு சொன்னபடி செய்தே பழகியவன், அன்றைக்குக் குதிரையின் மனநிலையைப் பார்த்து, பொட்டலத்தில் இருந்ததை எல்லாம் போட்டேன். பழக்கதோஷத்தில், பருத்திக்குப் போடுவது போல இரண்டு கை உப்பும் போட்டேன்.

வாளிக்குள் விட்டு, அளவாகச் சுடவைத்த தண்ணீரில் அரை மணி நேரம். அலசி எடுத்துப் பார்த்தோம். வெள்ளை. அப்படி ஒரு வெள்ளை. மறுநாள் வரை அழுக்குப் படாமல் இருக்க, குழாய் மாதிரி வருமே பனியன் துணி, அதில் ஒரு முழம் வெட்டி வாலுக்கு மாட்டி நாடாவால் கட்டினோம். கை இல்லாத பனியன் போட்ட வால். திருப்பூர் தவிர வேறு எந்த ஊரிலும் குதிரைக்கு இந்த மரியாதை கிடைத்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டப வாசலில் பனியனைக் கழற்றினோம். மேனேஜர் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மாப்பிள்ளை ஏறினார். பேண்டு முழங்கியது. தெரு முழுக்க நன்றாகத்தான் போனது. மண்டபத்துக்குள் பந்தலில் நுழைந்ததும், அங்கே அந்த ஊதா டியூப் லைட்டுகள்.

லில்லியின் வால் பற்றிக்கொண்டது.

நெருப்பு இல்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது. நீலமும் வெள்ளையுமாக, வெல்டிங் பட்டறை மாதிரி ஒரு வெளிச்சம். குதிரை மங்கலாகத் தெரிந்தது, மாப்பிள்ளை அதைவிட மங்கலாகத் தெரிந்தார், வால் மட்டும் தனியாக ஆடிக்கொண்டு வந்தது. பேண்டு ஒரு நிமிடம் நின்றே போயிற்று.

சேட்டம்மா எழுந்து வந்தார். தேவசகாயம் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். எனக்குத் திங்கட்கிழமையும் பொள்ளாச்சி வண்டியும் கண்ணுக்குள் வந்து நின்றன.

"என்னப்பா, வாலுக்குள்ள பேட்டரி வெச்சிருக்கியா?"

"பேட்டரி இல்லம்மா" என்றார் தேவசகாயம். "கர்த்தர் குடுத்ததும்மா."

சேட்டம்மா சிரித்துவிட்டார். அவ்வளவுதான், பேண்டு மறுபடி முழங்க, கூட்டம் முழுக்க வாலைச் சுற்றி ஆட ஆரம்பித்தது. மாப்பிள்ளையை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

நான் மூச்சு விட்டுத் திரும்பினால், எதிரே எங்கள் மாஸ்டர். சேட் அழைத்த விருந்தாளியாக, பட்டுச் சட்டையில். எங்கள் லேபில் துணியை இதே மாதிரி ஒரு விளக்கின் கீழே வைத்துத்தான் அந்தப் பொடி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்த மண்டபத்தில் ஆயிரம் பேருக்குத் தெரியாதது அவர் ஒருவருக்குத் தெரியும். இருந்தாலும் நான்தான் என்று எப்படித் தெரியும் என்று நினைத்து, பவ்யமாக இரண்டு கைகளையும் கூப்பி, "வணக்கமுங்க" என்றேன்.

என் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை எரிந்துகொண்டிருந்தன.

மாஸ்டர் என் கைகளைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். மறுபடி கைகளைப் பார்த்தார். என்னைக் கூட்டிக்கொண்டு லில்லியின் பின்னால் போய், கண்ணாடியை மூக்கில் இறக்கி, வாலை நுனி வரை விரித்துப் பார்த்தார்.

"எத்தனை போட்ட?"

"அம்பது கிராமுங்க."

"ஒரு வாலுக்கு அம்பது கிராமா! அதான் இந்த எரி எரியுது. உப்புப் போட்டியா?"

"போட்டேனுங்க."

"ஏனப்பா, இது பருத்தியா? உரோமத்துக்கு ஆசிட்டுப் போடோணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது! நுனியில பாரு, திட்டுத் திட்டா நிக்குது." அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. "வேலைய விட்டு அனுப்பறதுக்கு இது போதும். ஆனா அனுப்புனா, இந்தத் திட்டு நம்ம பட்டறையில போட்டதுன்னு வெளிய தெரிஞ்சுரும். நாளைக்கு ஸ்டோர்ல அம்பது கிராமுக்குப் பணத்தக் கட்டிரு. அந்தக் கைய முதல்ல பாக்கெட்டுல வைய்யி."

தேவசகாயத்துக்கு அன்று முழுப் பணமும் கிடைத்தது. அதற்குமேல் சேட்டம்மா வாலுக்கென்று தனியாக ஒரு நோட்டும் கொடுத்தார். திங்கட்கிழமை பொள்ளாச்சி வண்டி வெறுமனே திரும்பிப் போனது. ஓடாத மிஷின் இரண்டுக்குப் பதிலாக ஓடுகிற குதிரை ஒன்று, நான்கைந்து வருடம் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

நானும் அதே திங்கட்கிழமை பணத்தோடு ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்கீப்பர் நோட்டைப் புரட்டிவிட்டு, "எந்த ஆர்டர்லீங்க வரவு வெக்கறது? எந்தத் துணி?" என்றார். குதிரை வால் என்று சொல்ல முடியாமல் கவரைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தேன். "சரி, அப்பறம் கேட்டு எழுதிக்கலாம் போங்க" என்றார். அப்புறம், அப்புறம் என்றே போய்விட்டது.

இப்போது அந்தப் பட்டறை இல்லை. அந்த இடத்தில் பார்சல் கம்பெனிக் குடோன். மாஸ்டர் ஈரோட்டுப் பக்கம் மகனோடு இருக்கிறார் என்றார்கள், நம்பர் கிடைக்கவில்லை. தேவசகாயம் லில்லியையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய், கடற்கரையில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றிக்கொண்டிருந்தார். லில்லி கண்ணை மூடிய அன்று போன் செய்து, "கடைசி வரைக்கும் வாலு வெள்ளையாத்தான் இருந்துச்சுண்ணே" என்றார். கொட்டகை இருந்த இடத்தில் ஒரிசாவிலிருந்து வந்தவர்கள் தங்கும் வரிசை அறைகள். கல்யாணத்துக்கு இப்போது உண்மையிலேயே பேட்டரி வைத்த ரதம் வருகிறது.

அன்றைக்கு எடுத்துப்போன பணம் மட்டும் கவரோடு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எண்ணிப் பார்ப்பேன், குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று. யாரிடம் கட்டுவதென்றுதான் தெரியவில்லை. அதில் இருக்கும் சில்லறையைக் கடைக்காரர்களே வாங்குவதில்லை. இருந்தாலும் பாக்கி பாக்கிதான். முப்பத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு.