விக்கிற அன்னிக்குப் பேசும்

கைப்பேசி அலறுகிறது. அண்ணன் கத்தரியைக் கீழே வைக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து முடிச்சை அவிழ்க்கிறார். உள்ளே ரெக்ஸின் உறை. அதன் பட்டனைக் கழற்றினால் அதற்குள்ளே ஒரு பிளாஸ்டிக் காகிதம். அதைப் பிரிப்பதற்குள் மணி ஓய்ந்துவிடுகிறது. அதில் அவருக்குத் துளியும் வருத்தம் கிடையாது. தானே திரும்ப அழைத்து, "கூப்டீங்களா? கவரைப் பிரிக்கறதுக்குள்ள வெச்சிட்டீங்களே, அப்படி என்ன தலைபோற அவசரம்?" என்று எதிராளியைக் கடிந்துகொள்வார்.

சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை வைத்துத் தைப்பது அவர் தொழில். தெருவே அவரைக் 'கவர் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். கீழ்த்தளத்தில் அவர் பட்டறை, மேல்தளத்தில் நான். குடிவந்த புதிதில், விவரம் தெரியாமல், சாய்வு நாற்காலி ஒன்றைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டேன். கொடுத்தது நாற்காலி, திரும்பி வந்தது மூட்டை. மெத்தைக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னோர் உறை, கைப்பிடிகளுக்குத் தனித்தனியாகச் சட்டை. உட்கார்ந்தால் வழுக்குகிறது. சொன்னேன். "பழகிடும் தம்பி" என்றார்.

அவர் வீட்டு டிவி ரிமோட்டும் உறைக்குள்தான் இருக்கிறது. அழுத்தி அழுத்தி பிளாஸ்டிக் மங்கிப்போய் எண்கள் தெரிவதில்லை. அண்ணி குத்துமதிப்பாக எதையாவது அழுத்திவிட்டு, வந்த சேனலைப் பார்ப்பார். அவர்கள் வீட்டு சோபாவின் நிஜ நிறம் என்ன என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுத் தொலைத்தேன். "காபிப்பொடி கலர்" என்றார் அண்ணன். "பச்சை" என்றார் அண்ணி. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் தீர்ந்துபோகிற வழக்கு. தூக்க அண்ணன் விடவில்லை. இரண்டு நாள் அவர்களுக்குள் பேச்சு இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இத்தனை போர்வை எதற்கு என்று கேட்டால் அண்ணனிடம் தயாராகப் பதில் இருக்கிறது. "எந்தப் பொருளா இருந்தாலும் வாங்கற அன்னிக்கு நாம பேசுவோம் தம்பி. விக்கிற அன்னிக்கு அது பேசணும். பேசும், பாருங்க."

"அந்த ரிமோட்ட யாருக்கு விக்கப் போறீங்களாம்?" என்று அண்ணி உள்ளேயிருந்து கேட்பார். தையல் மெஷின் ஓடும் சத்தம்தான் வரும்.

அவருடைய பழைய வேனுக்குள் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, ஈரக்காலோடு ஏறக் கூடாது. வாடிக்கையாளர் வீட்டுக்கு சோபா கொண்டுபோகும்போது திண்டுகளை மடியில் அணைத்துப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் அண்ணியும் கூடவே போவார். வழியில் டீ குடிக்க வேண்டுமென்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். கொட்டுகிற மழையில் கடைக் கூரையின் ஓரம் ஒண்டிக்கொண்டு, பாதி டீயும் பாதி மழைத்தண்ணீருமாக இருவரும் குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். நாலடி தள்ளி வேன் சொட்டு நனையாத சீட்டுகளோடு காலியாக நின்றுகொண்டிருந்தது.

அந்த வேனுக்கு முடிவு கட்டியது மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று. வேனுக்குள் முழுதாக அடங்காததால் பின்கதவைத் திறந்தே வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மேட்டில் ஏறும்போது கயிறு அவிழ, சோபா தானாக இறங்கி நடுரோட்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்கிறது, டிரைவர் திட்டுகிறார். ஓடிப்போன அண்ணன் முதலில் குனிந்து பார்த்தது உறை கிழிந்ததா என்றுதான்.

"போதும்டா சாமி. இதைக் குடுத்துட்டுப் பின்னாடி தொட்டி வெச்ச பிக்கப் ஒண்ணு எடுங்க" என்றார் அண்ணி. ரொம்பப் பெரிதாகவும் இல்லாமல், சோபா படுக்கிற அளவுக்கு ஒன்று. அண்ணனுக்கும் ஆசைதான். ஆனால் அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். "புது வண்டில என் சீட்டுக்கு மட்டும் கவர் போடக் கூடாது. நான் வண்டி சீட்டுல உக்காரணும். இத்தனை வருஷமா உங்க தையல்ல உக்காந்தது போதும்."

"சரி, சரி" என்றார் அண்ணன். அவர் இரண்டு தடவை 'சரி' சொன்னால் ஒன்றுக்குக்கூட மதிப்பில்லை என்பது எங்களுக்கெல்லாம் தெரியும்.

ஷோரூமுக்கு வண்டி பார்க்கப் போனவர் பையில் அளவுநாடாவை வைத்துக்கொண்டு போயிருக்கிறார். அதற்கடுத்த வாரம் பட்டறையில் எட்டிப் பார்த்தால், சாம்பல் நிறத்தில் கெட்டியான பருத்தித் துணி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல், தலை சாய்கிற இடத்துக்குத் தனி மடிப்பு. சும்மா சொல்லக் கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற வேலை. "அண்ணிகிட்ட மூச்சு விட்றாதீங்க தம்பி. ஒரு வாரம் அவ ஆசைக்கு உக்காரட்டும். அதுவரைக்கும் வண்டிலயே பின்னாடி ஒளிச்சு வெப்போம், அப்புறம் நைசா மாட்டிடலாம்." மூச்சு விடாமல் இருந்ததோடு, போகிற அன்றைக்கு உறை இருந்த பையைச் சுமக்கவும் ஒத்துக்கொண்டேன். எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்காதீர்கள். வேடிக்கை பார்க்கிற ஆசைதான்.

பழைய வேனின் பின்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு என்னை ஏற்றிக்கொண்டார்கள். ஸ்டூலுக்கும் உறை இருந்தது.

ஷோரூமில் பழைய வண்டிக்கு மதிப்புப் போட ஒரு பெண் வந்தார். கையில் டார்ச், முகத்தில் சிரிப்பே இல்லை. இன்ஜினைப் பார்த்தார், டயரை உதைத்தார், அடியில் குனிந்து துருவைச் சுரண்டினார். அண்ணன் அவர் பின்னாலேயே நடந்தார். "அதெல்லாம் இருக்கட்டும் மேடம். உள்ள வந்து பாருங்க. சீட்டைப் பாருங்க."

அவர் நிமிர்வதற்குள் அண்ணனே கழற்ற ஆரம்பித்துவிட்டார். முதலில் கறுப்பு ரெக்ஸின். அதற்கடியில் கட்டம் போட்ட துணி. அதற்கும் அடியில், கம்பெனியிலிருந்து வந்தபோதே போட்டிருந்த பிளாஸ்டிக். அதைச் சர்ரென்று கிழித்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

மயில்கழுத்து நிறம். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கறை இல்லை. வெயில் பட்டதும் நீலமா பச்சையா என்று சொல்ல முடியாமல் மினுங்கியது.

"ஐயோ, இது நான் கேட்ட கலருங்க!" என்றார் அண்ணி. "ரெண்டு வண்டி காட்டினாங்க. இந்த சீட்டுக்காகத்தானே இதை எடுக்கச் சொன்னேன். எனக்கே மறந்து போச்சே." யாரையும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டை ஒருமுறை தடவினார். எங்கேயோ ஊருக்குப் போகிறவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூன்று பேரும் வெயிலில் நின்றோம். மதிப்புப் போடுகிற பெண்கூட அவசரப்படுத்தவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணி கடைசியில். "இதை வாங்கப் போறவங்க குடுத்து வெச்சவங்க."

எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "பாத்தீங்களா மேடம், சீட்டு எப்படி இருக்குன்னு? அதுக்கு எவ்வளவு சேர்ப்பீங்க?"

"சீட்டுக்குன்னு தனியா எதுவும் கிடையாது சார். எந்த வருஷத்து வண்டி, இன்ஜின் எப்படின்னுதான் பாப்போம்." கொஞ்சம் யோசித்து, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு இதையும் சேர்த்தார். "எப்படியும் வாங்கறவங்க முதல் வேலையா கவர்தானே சார் போடுவாங்க."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த நீர் முழுக்கச் சிரிப்பினால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அண்ணன் மூன்று உறைகளையும் கைமேல் போட்டுக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார், பேரம்கூடப் பேசவில்லை. பேரம் பேசாத அண்ணனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிக்கப் வந்தது. வெள்ளை நிறம், முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் என்னைப் போன்ற வேலையற்றவர்களுக்கு ஒரு வரிசை, அதற்கும் பின்னால் சோபா கால் நீட்டிப் படுக்கிற தொட்டி. "சீட்டு பிளாஸ்டிக்க எடுத்துடவா சார்?" என்று ஷோரூம்காரர் கேட்டார். "இருக்கட்டு…" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த அண்ணன் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அண்ணியே கிழித்தார். ஒவ்வொரு கிழிப்புக்கும் அண்ணன் தோளைக் குறுக்கிக்கொண்டார். உள்ளே இளம் பழுப்பு நிறம், தூசி பட்டாலே தெரிகிற நிறம். நான் பின்வரிசையில், மடியில் அந்தப் பையோடு.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமான டீக்கடை எதிரே அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். அண்ணியின் கை தானாகக் கதவுக்குப் போனது.

"எங்க இறங்கற? மழை பெய்யுதுல்ல, உக்காரு" என்றார் அண்ணன்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணன் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி, மூன்று டீயோடு நனைந்துபோய் வந்தார். ஈரக்காலோடு ஏறினார். வண்டிக்குள் உட்கார்ந்து டீ குடித்தோம். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அண்ணி ஒவ்வொரு வாய்க்கும் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. தம்ளர் வழுக்கி, டீ மடியில் பட்டு, இளம் பழுப்பு சீட்டில் கையகலத்துக்குப் பரவியது.

"ஐயையோ" என்றார் அண்ணி. தப்புச் செய்த குழந்தை மாதிரி அண்ணனைப் பார்த்தார். "நீங்க போட்டுக்குங்க. கவரு. நீங்க எப்படியும் தெச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

அண்ணன் கறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே பின்பக்கம் கையை நீட்டினார். "தம்பி, அந்தப் பையக் குடுங்க."

கொடுத்தேன். போச்சு, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணி, உறை போட வசதியாக, சீட்டிலிருந்து சற்றே எழுந்து ஒதுங்கிக்கொண்டார்.

அண்ணன் அந்தச் சாம்பல் நிற உறையை வெளியே எடுத்தார். இரட்டைத் தையல் போட்ட ஓரத்தை ஒருமுறை விரலால் நீவினார். பிறகு அதைப் பந்தாகச் சுருட்டி, சீட்டில் சிந்தியிருந்த டீயை அழுத்தித் துடைத்தார்.